பத்துக் கிலோ இழுக்கும் காந்தம்



இன்று காந்தம் இல்லாத வீடே இல்லை எனலாம். பிரிட்ஜ் கதவின் இறப்பருக்குள், அலுமாரிக் கதவு மூடும் இடத்தில், பிள்ளையின் பென்சில் பெட்டி மூடியில், கைப்பையின் வாயில், ரேடியோவின் ஸ்பீக்கரில், கையடக்கத் தொலைபேசிக்குள் என்று எங்கும் அது இருக்கிறது. தலையில் அணியும் ஸ்காஃபைப் பிடித்து வைப்பதற்கும் இப்போது குண்டூசிக்குப் பதிலாகக் காந்தம் வந்துவிட்டது.

கடைகளில் காந்தக் கொழுக்கி விற்கிறார்கள். பெட்டியில் "10 கிலோ" என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். அதை நம்பி வாங்கி வந்து, குசினியில் பிரிட்ஜின் பக்கத்தில் ஒட்டி, இரண்டு மூன்று கிலோ வெங்காயத்தைப் பையோடு மாட்டினால், கொழுக்கி மெல்ல மெல்ல வழுக்கிக் கீழே வந்துவிடும். "கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்" என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் பெரும்பாலும் கடைக்காரர் பொய் சொல்லியிருக்க மாட்டார். காந்தமும் பழுதாக இருக்காது. அந்தப் பத்துக் கிலோ எந்த நிலையில் அளக்கப்பட்டது என்பதை மட்டும் பெட்டியில் எழுதுவதில்லை.

அது என்ன நிலை என்பதை இம்மாதம் பார்ப்போம். அதை விளங்கிக்கொண்டால் வெங்காயப் பை மட்டுமல்ல, வீட்டில் தவழ்ந்து திரியும் பிள்ளையும் பாதுகாப்பாக இருக்கும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது கட்டுரையின் பின்பகுதியில் தெரியவரும்.

எப்படி அளக்கிறார்கள்?

காந்தத்தின் இழுவைப் பலத்தை அளக்க ஒரு தடித்த இரும்புத் தகட்டை எடுக்கிறார்கள். அதன் முகம் மட்டமாகவும் வழவழப்பாகவும் இருக்கும். துரு இல்லை, பெயின்ட் இல்லை. அதில் காந்தத்தை இடைவெளியின்றி ஒட்டவைத்து, நேர் எதிர்த் திசையில் இழுக்கிறார்கள். எத்தனை கிலோ பாரத்தில் காந்தம் கழன்று வருகிறதோ அதுதான் பெட்டியில் எழுதப்படும் எண்.

ஆக, மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன. இரும்பு தடித்ததாக இருக்க வேண்டும். இடையில் எதுவும் இருக்கக் கூடாது. இழுப்பது நேராக இருக்க வேண்டும். நமது வீட்டில் இந்த மூன்றும் ஒன்றாக அமைவது அபூர்வம்.

முதலில் திசையைப் பார்ப்போம். பிரிட்ஜின் பக்கத்தில் ஒட்டிய கொழுக்கியில் பாரத்தை மாட்டும்போது, நாம் காந்தத்தை நேராகப் பிடுங்குவதில்லை, கீழ்நோக்கிச் சறுக்கவைக்கிறோம். சறுக்காமல் தடுப்பது காந்தத்தின் இழுவை அல்ல, இரு முகங்களுக்கும் இடையிலான உராய்வு. வழவழப்பான இரும்பில் அந்த உராய்வு, இழுவையின் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். எனவே பத்துக் கிலோ என்று எழுதிய காந்தம் பக்கவாட்டில் இரண்டு கிலோவைத் தாங்கினாலே பெரிய காரியம். காந்தத்தின் முகத்தில் மெல்லிய இறப்பர் பூசியிருந்தால் உராய்வு கூடும், சறுக்குவது குறையும். சுவரில் மாட்டும் காரியத்துக்கு வாங்குகிறவர்கள் இறப்பர் முகம் உள்ளதைத் தேடி வாங்குவது நல்லது.

அடுத்தது தகட்டின் தடிப்பு. காந்தத்தின் புலம் இரும்புக்குள் புகுந்து பரவி, சுற்றித் திரும்பி வருகிறது. தகடு மெல்லியதாக இருந்தால் அவ்வளவு புலத்துக்கும் அதற்குள் இடம் போதாது. எஞ்சியது மறுபக்கமாக வெளியே போய்விடும். பிரிட்ஜின் வெளித் தகடு மிக மெல்லியது. அங்கே ஒரு பெரிய காந்தத்தை ஒட்டினாலும் அதன் முழுப் பலம் கிடைக்காது. பளபளக்கும் சில்வர் நிறப் பிரிட்ஜ்கள் சிலவற்றில் காந்தம் ஒட்டவே ஒட்டாது. துருப்பிடிக்காத உருக்கில் சில வகைகளைக் காந்தம் இழுப்பதில்லை என்பதே காரணம்.

மூன்றாவது இடைவெளி. மூன்றிலும் முக்கியமானது இதுதான்.

இடைவெளி என்னும் எதிரி

சிறிய வட்டக் காந்தம் ஒன்றின் குறுக்களவு ஒரு சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். அதை இரும்பிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்தால், ஒட்டியிருந்தபோது இருந்த இழுவையில் நூற்றில் ஒரு சில பங்குதான் மிஞ்சும். ஒரு மில்லிமீற்றர் இடைவெளியே பலத்தில் கணிசமான பகுதியைத் தின்றுவிடும். சாதாரணக் கடதாசி ஒன்றின் தடிப்பு மில்லிமீற்றரில் பத்தில் ஒன்று. பத்துத் தாளை அடுக்கினால் ஒரு மில்லிமீற்றர் ஆகிவிடுகிறது.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரும்புக் கட்டில் அல்லது இரும்பு மேசையின் சட்டத்துக்கு அடியில் கொழுக்கிக் காந்தத்தை ஒட்டுங்கள். அதில் ஒரு வெற்றுப் போத்தலைக் கட்டித் தொங்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. எனவே தராசு தேவையில்லை. பலமான காந்தமாக இருந்தால் போத்தலுக்குப் பதில் வாளியை மாட்டுங்கள். கீழே ஒரு பேசினை வைத்துவிட்டுக் காலைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை லீற்றரில் காந்தம் விடுகிறது என்று குறித்துக்கொண்டு, அடுத்த முறை காந்தத்துக்கும் சட்டத்துக்கும் இடையே இரண்டு தாள், பிறகு ஐந்து தாள், பிறகு பத்துத் தாள் என்று வைத்து அதே சோதனையைச் செய்யுங்கள். பாடசாலை செல்லும் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் படிப்பதைவிட இது மனதில் நிற்கும்.

ஏன் இவ்வளவு வேகமாகக் குறைகிறது? இழுவை, புலத்தின் வலிமையைப் பொறுத்தது மட்டுமல்ல, அந்த வலிமையின் வர்க்கத்தைப் பொறுத்தது. புலத்தை டெஸ்லா என்னும் அலகில் அளப்பார்கள். காந்தமும் இரும்பும் ஒட்டியிருக்கும் இடத்தில் புலம் ஒரு டெஸ்லா என்றால், ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றருக்கும் இழுவை சுமார் நான்கு கிலோ. புலம் அரை டெஸ்லாவாகக் குறைந்தால் இழுவை இரண்டு கிலோவாக இருக்கும் என்று நினைப்போம். அப்படியல்ல, ஒரு கிலோதான் இருக்கும். பாதியாகக் குறைந்தால் காற்பங்கு. மூன்றில் ஒன்றாகக் குறைந்தால் ஒன்பதில் ஒரு பங்கு.

இந்தக் கணக்கு மறுபக்கமாகவும் வேலை செய்யும் என்பதை மறந்துவிடக் கூடாது. தூரம் கூடும்போது இழுவை எவ்வளவு வேகமாக விழுகிறதோ, நெருங்கும்போது அவ்வளவு வேகமாக ஏறும். சற்றுத் தொலைவில் இருக்கும் இரண்டு சிறு காந்தங்களுக்கு இடையிலான தூரம் பாதியானால் இழுவை ஏறக்குறைய பதினாறு மடங்காகிறது. பலமான இரண்டு காந்தங்களைக் கையில் வைத்து விளையாடும்போது, "இன்னும் தூரம்தானே" என்று நினைத்துக்கொண்டிருக்கையில் அவை திடீரென்று பாய்ந்து விரலைக் கடித்துவிடுவது இதனால்தான்.

கறுப்புக் காந்தமும் வெள்ளிக் காந்தமும்

பழைய ஸ்பீக்கருக்குள் இருக்கும் கறுப்பு வளையத்தைப் பார்த்திருப்பீர்கள். அது இரும்பு ஒட்சைட்டைச் சேர்த்துச் சுட்டெடுத்த ஃபெரைட் காந்தம். பிரிட்ஜில் ஒட்டும் படங்களின் பின்னால் இருப்பதும் அதே ஃபெரைட்டின் தூளை இறப்பரில் கலந்து செய்ததுதான். இவை மலிவானவை, பலத்தில் எளியவை.

வெள்ளிபோல் மின்னும் சின்னஞ்சிறு காந்தங்கள் வேறு இனம். அவை நியோடைமியம், இரும்பு, போரோன் ஆகியவை சேர்ந்த கலவை. யப்பானில் மசாதோ சகாவாவும் அமெரிக்காவில் ஜோன் குரோட்டும் தனித்தனியே இதைக் கண்டுபிடித்து, 1983இல் உலகுக்கு அறிவித்தார்கள். இதன் புலம் ஃபெரைட்டைவிடச் சுமார் மூன்று மடங்கு. மேலே சொன்ன வர்க்கக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: ஒரே அளவான இரண்டு காந்தங்களை எடுத்தால், இழுவை ஒன்பது பத்து மடங்காகிவிடுகிறது. முன்பு ஒரு பெரிய கட்டி செய்த வேலையை இப்போது ஒரு சட்டைப் பொத்தான் அளவுத் துண்டு செய்கிறது.

இவற்றில் "என் 35", "என் 42", "என் 52" என்று தரம் குறித்திருப்பார்கள். அந்த எண் கிலோ அல்ல. காந்தப் பொருளுக்குள் எவ்வளவு சக்தி அடங்கியிருக்கிறது என்பதைக் காட்டும் தர எண் அது. என் 52 என்று எழுதிய சிறு துண்டைவிட என் 35 பெரிய துண்டு அதிகம் இழுக்கும்.

இன்னுமொன்று: இந்த வெள்ளிக் காந்தத்துக்குச் சூடு ஆகாது. சாதாரண வகை 80 பாகை செல்சியஸைத் தாண்டினால் பலத்தை இழக்கத் தொடங்கும். ஆறிய பின் இழந்த பலம் தானாகத் திரும்பாது. கொதிநீரே 100 பாகை. ஆகவே காஸ் அடுப்புக்குப் பக்கத்தில் இதை ஒட்டிவைக்க வேண்டாம். கறுப்புக் காந்தம் இதைவிட அதிக சூட்டைத் தாங்கும்.

"இரவும் பகலும் பாரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தால் காந்தத்தின் பலம் தீர்ந்துவிடாதா?" என்று சில சகோதரிகள் கேட்பதுண்டு. தீராது. பானையைத் தாங்கிக்கொண்டிருக்கும் மேசைக்குக் களைப்பு வருகிறதா? அதுபோலத்தான். பற்றரிபோல் எதையும் செலவழித்து அது பிடித்துக்கொண்டிருப்பதில்லை. சூடு, பலத்த அடி, துரு, இன்னொரு பலமான காந்தத்தின் எதிர்ப்புலம் போன்றவைதான் அதைக் கெடுக்கும்.

ஒரு கதவின் கதை

பலம் கூடினால் நல்லது என்றுதான் நாம் பொதுவாக நினைக்கிறோம். பிரிட்ஜ் கதவின் கதையைக் கேளுங்கள்.

ஆரம்ப காலப் பிரிட்ஜ்களின் கதவில் வெளிப்பக்கம் ஒரு கொக்கிப் பூட்டு இருந்தது. மூடினால் அது விழுந்து பிடித்துக்கொள்ளும். உள்ளே இருந்து திறக்க வழியில்லை. அமெரிக்காவில் பாவனைக்கு உதவாதென்று வீசப்பட்ட பிரிட்ஜ்களுக்குள் சிறுபிள்ளைகள் ஒளித்து விளையாடப் போய், கதவு மூடிக்கொள்ள, மூச்சுமுட்டி இறந்தார்கள். இப்படிப் பல குழந்தைகள் போன பிறகு, 1956இல் அந்நாடு ஒரு சட்டம் கொண்டுவந்தது. 1958 ஒக்டோபர் இறுதி முதல் தயாரிக்கும் வீட்டுப் பிரிட்ஜ் எதுவானாலும் உள்ளே இருந்து எளிதாகத் தள்ளித் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். எவ்வளவு எளிதாக என்பதற்கும் அளவு வைத்தார்கள்: கதவின் ஓரத்தில் 15 இறாத்தல், அதாவது ஏழு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த தள்ளு போதும்படி.

இரும்புக் கொக்கியின் இடத்தில் இறப்பருக்குள் பொதித்த காந்தப் பட்டி வந்து நிலைத்தது. அது கதவைச் சுற்றிலும் ஓடுகிறது. ஒவ்வொரு அங்குலத்திலும் இழுவை சொற்பம்தான். ஆனால் கதவு முழுமையாக ஒட்டும்போது காற்றுப் புகாமல் மூடிக்கொள்கிறது. ஒரு பக்கம் விரலளவு திறந்துவிட்டால் இடைவெளி காரணமாக அந்த இழுவை இல்லாததுபோல் ஆகிவிடுகிறது. எந்தக் குணத்தைக் காந்தத்தின் பலவீனம் என்று மேலே பார்த்தோமோ, அதுவே இங்கே பிள்ளைகளின் உயிரைக் காக்கும் குணமாகிறது. (ஆனாலும் பழைய பிரிட்ஜை வெளியே போடும்போது கதவைக் கழற்றிவிட்டே போடுங்கள்.)

பலம் மிஞ்சினால்

இப்போது அந்த வெள்ளிக் காந்தத்துக்கு வருவோம். விளையாட்டுக் குண்டுகளாகவும், நகைகளிலும், ஸ்காஃப் காந்தங்களாகவும் அது வீட்டுக்குள் வந்திருக்கிறது. ஸ்காஃப் காந்தத்தில் நன்மை இல்லாமலில்லை. குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டு ஸ்காஃப் கட்டும்போது, அது சுவாசக் குழாய்க்குள் போய்விட்ட பெண்களைப் பற்றித் துருக்கி, எகிப்து போன்ற நாடுகளின் வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். காந்தத்தில் அந்த ஆபத்துக் குறைவு; துணியும் ஓட்டையாவதில்லை. ஆனால் துணியின் மடிப்புகள் அங்கே இடைவெளியாகிவிடுவதால், அதைத் தாண்டியும் பிடிக்கும்படி மிகப் பலமான காந்தமாகச் செய்கிறார்கள். இரண்டு பக்கமும் காந்தமாக இருக்கும்போது, இடைவெளியைத் தாண்டி இழுக்கும் பலம் காந்தத்துக்கும் இரும்புக்கும் இடையில் இருப்பதைவிட அதிகம்.

துணிக்குப் பதிலாகக் குடலின் சுவர் அந்த இடைவெளியில் இருந்தால் என்னவாகும்?

சிறுபிள்ளை ஒரு காந்தத்தை விழுங்கினால் அது பெரும்பாலும் மற்றப் பொருள்கள் போல வெளியேறிவிடலாம். இரண்டை விழுங்கினால் கதை வேறு. ஒன்று குடலின் ஒரு மடிப்பிலும் மற்றது இன்னொரு மடிப்பிலும் இருக்கும்போது, குடலின் மெல்லிய சுவர்களைத் தாண்டி அவை ஒன்றையொன்று இழுக்கின்றன. நெருங்க நெருங்க இழுவை பன்மடங்காகிறது. இறுதியில் இரண்டும் ஒட்டிக்கொள்ள, நடுவில் அகப்பட்ட சதை நசுங்கி, இரத்த ஓட்டம் நின்று, குடல் ஓட்டையாகிவிடும். ஒரு காந்தமும் ஓர் இரும்புத் துண்டும் சேர்ந்தாலும் இதே ஆபத்து உண்டு.

அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணைக்குழு 2005 முதல் 2021 வரை இப்படி நேர்ந்த 7 மரணங்களைப் பதிவு செய்திருக்கிறது. சத்திரசிகிச்சை செய்து உயிர் தப்பிய பிள்ளைகள் அதைவிட மிகப் பலர். 2022இல் அந்த ஆணைக்குழு ஒரு விதி கொண்டுவந்தது: விளையாட்டுக்கும் அலங்காரத்துக்கும் விற்கும் இத்தகைய பொருள்களில், விழுங்கக்கூடிய அளவில் தனியாகக் கழன்று வரும் காந்தம் இருந்தால், அது பலம் குறைந்ததாகவே இருக்க வேண்டும். 1956இல் ஒரு பூட்டின் பிடியைப் பிள்ளைகளுக்காகத் தளர்த்தினார்கள். 2022இல் காந்தத்தின் இழுவையையே பிள்ளைகளுக்காகக் குறைக்கச் சொன்னார்கள்.

நாம் செய்யவேண்டியவை

பேரங்காடியிலும் நடைபாதைக் கடையிலும் வாங்கும் பொருள் எந்த நாட்டின் விதிக்கு உட்பட்டது என்று நமக்குத் தெரியாது. ஆகவே காவல் நமது கையில்தான் இருக்கிறது.

ஸ்காஃப் காந்தங்கள் எத்தனை சோடி என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். கழற்றியவுடன் சோடியாகச் சேர்த்து, மூடியுள்ள டப்பியில், பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கண்ணாடி மேசையிலும் கட்டிலிலும் போடாதீர்கள். வாயில் கவ்வும் பழக்கம் குண்டூசிக்கும் கூடாது, காந்தத்துக்கும் கூடாது. ஒன்று காணாமற் போனால் அதைத் தேடி எடுக்கும்வரை விடாதீர்கள். உடைந்து துண்டானதை வைத்திருக்க வேண்டாம். கல்யாண வீட்டில் தங்கும்போது அங்கே யாருடைய சிறுபிள்ளை தவழ்கிறது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். சின்னக் காந்தக் குண்டு விளையாட்டுச் சாமான் சிறுபிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

பிள்ளை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் "நாளைக்குப் பார்ப்போம்" என்று இருக்காதீர்கள். வயிற்றுவலி, வாந்தி, காய்ச்சல் என்று சாதாரண நோய்போலத்தான் அது ஆரம்பிக்கும். சில வேளை எந்த அறிகுறியும் இராது. வாந்தி எடுக்கவைக்க முயலாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், "காந்தம்" என்ற சொல்லை வைத்தியரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். எத்தனை காணவில்லை என்பதையும் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் ஒட்டிய இரண்டு காந்தங்கள் ஒன்றுபோலத் தெரியக்கூடும். உங்கள் எண்ணிக்கை அங்கே உதவும்.

நெஞ்சில் இதயத் துடிப்புக் கருவி வைத்திருக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், பலமான காந்தத்தையும் காந்தம் பொருத்திய தொலைபேசியையும் அந்த இடத்திலிருந்து 15 சென்ரிமீற்றராவது தள்ளியே வைக்கச் சொல்லுங்கள். வாப்பாவோ மாமாவோ தொலைபேசியைச் சட்டைப் பையில் போடுகிறவராயின் இது அவசியம். இங்கும் காப்பாற்றுவது அந்த இடைவெளிதான்.

பலமான இரண்டு காந்தங்கள் ஒட்டிக்கொண்டால் நேராகப் பிடுங்கிப் போராட வேண்டாம். பக்கவாட்டில் சறுக்கித் தள்ளுங்கள். நேராகப் பிடுங்குவதைவிடக் குறைந்த பலம் போதும். பிரிட்ஜில் வெங்காயப் பையைக் கீழே இறக்கிய அதே கணக்கு இங்கே உங்கள் விரலைக் காப்பாற்றும்.

இனிமேல் பெட்டியில் "10 கிலோ" என்று கண்டால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எந்தத் திசையில்? எவ்வளவு தடித்த இரும்பில்? இடையில் என்ன இருக்கும்போது? மூன்றாவது கேள்வியைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். கடதாசியா, துணியா, பெயின்டா என்பதோடு அது முடிந்துவிடுவதில்லை.